மரியானோ மொரேனோ: ஏழு மாத அதிகாரமும் நடுக்கடல் மரணமும்

கேள்வி இதுதான்: மரியானோ மொரேனோவைக் கப்பலில் விஷம் கொடுத்துக் கொன்றார்களா, 32 வயதில் இறந்துபோன ஒரு வழக்கறிஞருக்கு அர்ஜென்டினாவில் ஏன் இவ்வளவு பெயர்?

முதல் பாதிக்குப் பதில் சின்னது. கொன்றார்கள் என்று நிரூபிக்க எதுவும் இல்லை, சந்தேகப்படக் காரணம் நிறைய இருக்கிறது. ஆனால் மொரேனோவைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்தக் கப்பலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். 1811 ஜனவரியில் கப்பல் ஏறும்போதே அவர் தோற்றுப்போனவர். தோல்வி நடந்தது அதற்கு முந்தைய மாதம், புவெனஸ் ஐரிஸ் நகரத்தில், ஒரு அறைக்குள் எடுத்த வாக்கெடுப்பில். கையில் ஒரு படைவீரன்கூட இல்லாத ஒருவர் பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு ஏழு மாதம் ஒரு புரட்சியை நடத்தினார், படையை வைத்திருந்தவர் அவரை வெளியேற்றினார். அந்தக் கதையைச் சொன்னால் இரண்டாம் பாதிக்கும் பதில் கிடைத்துவிடும்.

மொரேனோ 1778 செப்டம்பர் 23 அன்று புவெனஸ் ஐரிஸில் பிறந்தார். அப்பா ஸ்பெயினிலிருந்து வந்து அரசாங்கக் கருவூலத்தில் வேலை பார்த்தவர். அம்மா ஆனா மரியா வாலே உள்ளூர்க்காரர். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் அந்த ஊரில் மிகக் குறைவு, அவர்களில் ஒருவர், மகனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பதினான்கு பிள்ளைகளில் மூத்தவர் மரியானோ. எட்டு வயதில் பெரியம்மை வந்து முகத்தில் தழும்பு விட்டுப் போனது. வீட்டில் பசியில்லை, ஆனால் பணமும் இல்லை. சான் கார்லோஸ் கல்லூரியில் முழு மாணவராகச் சேர வசதியில்லாமல் வகுப்பில் உட்கார்ந்து கேட்கிற மாணவராகத்தான் இருந்தார். பிரான்சிஸ்கன் துறவி கயெத்தானோ ரொத்ரிகெஸ் என்பவர் தம் மடத்து நூலகத்தை இந்தப் பையனுக்குத் திறந்துவிட்டார். இந்தத் துறவியின் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வருவார்.

அந்தக் காலத்தில் தென்னமெரிக்காவில் சட்டம் படிக்க விரும்பியவர்கள் போன இடம் சுக்கிசாக்கா. இன்றைய பொலிவியாவின் சுக்ரே நகரம். அங்கே 1624-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் இருந்தது, அரசரின் உயர்நீதிமன்றமும் இருந்தது, அதனால் ஊரே வழக்கறிஞர்களால் நிறைந்திருந்தது. காஸ்தெல்லி, மொந்தெயாகுதோ என்று பின்னால் புரட்சியில் பெயர் வாங்கிய பலர் அங்கே படித்தவர்கள்தான். மகன் பாதிரியார் ஆகவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்த ஆசையோடுதான் அனுப்பினார், அதற்கும் தெரிந்த ஒரு பாதிரியாரின் உதவி தேவைப்பட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்த பயணம். வழியில் துக்குமானில் நோயில் படுத்து, 1800-இல் போய்ச் சேர்ந்தார்.

அங்கே மத்தியாஸ் தெர்ராசாஸ் என்ற மூத்த குருவின் வீட்டில் இடம் கிடைத்தது. அவருடைய புத்தக அலமாரியில் மான்டெஸ்கியூ, வால்டேர், ரூசோ எல்லாம் இருந்தார்கள். திருச்சபையும் அரசும் தடை செய்திருந்த ஆசிரியர்கள், ஒரு திருச்சபைக்காரர் வீட்டிலேயே! மொரேனோ முதலில் இறையியலில் பட்டம் வாங்கினார், பிறகு வீட்டுக்குத் தெரியாமலேயே சட்டத்தின் பக்கம் திரும்பினார்.

ஆனால் புத்தகங்களைவிட அவரை மாற்றியது பொத்தோசி என்று நினைக்கிறேன். சுக்கிசாக்காவிலிருந்து சில நாள் பயணத்தில் இருக்கிற வெள்ளி மலை அது. 16-ஆம் நூற்றாண்டில் வைஸ்ராய் தொலேதோ ஏற்பாடு செய்த ‘மீத்தா’ என்ற முறைப்படி, பழங்குடிக் கிராமங்கள் தங்கள் ஆண்களில் ஏழில் ஒரு பங்கை முறைவைத்து ஆண்டுதோறும் அந்தச் சுரங்கத்துக்கு அனுப்ப வேண்டும். குடும்பத்தோடு, லாமா என்ற சுமை விலங்குகளோடு, வாரக்கணக்கில் நடந்து போவார்கள், பலர் திரும்ப மாட்டார்கள். இருநூறு ஆண்டுக்கு மேலாக இது நடந்துகொண்டிருந்தது. அரசரின் சட்ட அதிகாரியான விக்தோரியான் தே வில்லாவா இந்த முறையை எதிர்த்து 1793-இலேயே எழுதியிருந்தார், மொரேனோ அதைப் படித்திருந்தார். 1802-இல் பொத்தோசிக்குப் போய் நேரில் பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், வழக்கறிஞர் பயிற்சி பெறுகிறவர்கள் வாசிக்க வேண்டிய கட்டுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, இந்தியர்களிடம் வாங்கப்படும் கட்டாய வேலை.

அந்தக் கட்டுரையின் புத்திசாலித்தனம் எனக்கு இன்னும் வியப்பு. ரூசோவைக் காட்டி அவர் வாதாடவில்லை. அரசரின் சட்டங்களையும் அரசாங்கமே மதித்த சட்ட நிபுணர்களையும் எடுத்துவைத்து, ‘உங்கள் சட்டப்படியே இந்தியர்கள் சுதந்திர மனிதர்கள், அப்படியானால் அவர்களை எந்த உரிமையில் சுரங்கத்துக்குள் இழுக்கிறீர்கள்?’ என்ற திசையில் கொண்டுபோனார். எதிராளியின் ஆவணத்தை வைத்தே எதிராளியை மடக்குவது ஒரு நல்ல வழக்கறிஞரின் வேலை, கடைசிவரை இதுதான் அவருடைய முறையாக இருந்தது. பயிற்சி முடிந்து வழக்காட ஆரம்பித்ததும் அதிகாரிகளின் அத்துமீறலுக்கு எதிராகப் பழங்குடியினர் தரப்பில் நின்றார், அதனால் மேலிடத்து ஆட்களின் பகையும் வந்தது.

இடையில் கல்யாணம். ஒரு வெள்ளித் தட்டாரின் கடையில் ஒரு பெண்ணின் சிறிய ஓவியத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார் என்று சொல்வார்கள். குவாதலூப்பே குவென்கா, பதினான்கு வயதுதான் இருக்கும், கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். மகள் துறவியாக வேண்டும் என்பது அவள் தாயாரின் விருப்பம். 1804 மே மாதம் திருமணம், அடுத்த ஆண்டு ஒரு மகன். பகை முற்றியதும் மூவரும் 1805-இல் புவெனஸ் ஐரிஸுக்கு வந்துவிட்டார்கள்.

வந்து ஓராண்டுக்குள் ஊரில் ஆங்கிலேயர் இறங்கினார்கள். 1806 ஜூன் 27 மதியம் ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வீரர்கள், நாற்பதாயிரம் பேர் வாழ்கிற ஒரு நகரத்துக்குள் அணிவகுத்து நுழைந்தார்கள். ஸ்பானிய அரசரின் ஆளுநரான வைஸ்ராய் சோப்ரெமோந்தே முன்பே உள்நாட்டு நகரமான கோர்தோபாவுக்கு ஓடிவிட்டார். அந்த மதியம் பலரும் அழுததைப் பார்த்ததாகவும், மற்ற எவரையும்விடத் தாமே அதிகம் அழுததாகவும் மொரேனோ தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் லினியர்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில் ஊரை மீட்டார்கள். அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் பெரும்படையோடு திரும்பி வந்தபோதும் விரட்டினார்கள். இந்த இரண்டு போருக்கும் ஸ்பெயினிலிருந்து உதவி வரவில்லை. ஊர்க்காரர்களே படைப்பிரிவுகள் அமைத்துக்கொண்டார்கள், அதிகாரிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் பெரியது ‘பத்ரீசியோஸ்’, அதன் தலைவர் கொர்னேலியோ சாவெத்ரா என்ற வசதியான வணிகர். இனி அந்த ஊரில் யார் ஆள்வது என்பதை இந்தப் படைதான் தீர்மானிக்கும் என்ற நிலை இப்படித்தான் வந்தது. மொரேனோவின் முடிவுக்கும் வேர் இங்கேதான்.

1809 ஜனவரி முதல் நாள், லினியர்ஸை (அப்போது வைஸ்ராய் அவர்தான்) இறக்கிவிட ஸ்பானியப் பெருவணிகர் அல்சாகா ஒரு கலகம் செய்தார். மொரேனோ அல்சாகா பக்கம் இருந்தார், சாவெத்ரா படையோடு வந்து லினியர்ஸைக் காப்பாற்றினார். பிற்காலத்தில் மொரேனோவைப் பிறவிப் புரட்சிக்காரராகக் காட்ட விரும்புகிறவர்கள் இதைச் சட்டென்று தாண்டிவிடுவார்கள். மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. ஸ்பெயினில் நெப்போலியன் நுழைந்து அரசரைச் சிறைப்பிடித்தபின் யாருக்குமே அடுத்து என்ன என்று தெரியாத காலம் அது, அவரவர் ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். சாவெத்ராவும் மொரேனோவும் முதன்முதலில் எதிரெதிரே நின்றது அன்றுதான்.

அதே ஆண்டு செப்டம்பர் 30 தேதியிட்ட மனுதான் அவருக்கு வழக்கறிஞராகப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சட்டப்படி அந்தத் துறைமுகம் ஸ்பெயினோடு மட்டுமே வணிகம் செய்யவேண்டும். ஸ்பெயினோ போரில் சிதைந்து கிடந்தது, கப்பல் வரவில்லை. பண்ணைக்காரர்களிடம் தோல் குவிந்து வீணானது, ஆற்றில் ஆங்கிலேயச் சரக்குக் கப்பல்கள் காத்திருந்தன, புதிய வைஸ்ராய் சிஸ்னேரோஸின் கஜானா காலி. ஸ்பெயினின் துறைமுகமான காதிஸ் நகரத்து வணிகர்களின் ஆட்கள் துறைமுகத்தைத் திறக்கக் கூடாது என்றார்கள். நிலக்காரர்கள், பண்ணைக்காரர்கள் சார்பில் மொரேனோ எழுதினார்: ஆங்கிலேயச் சரக்கு இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது, கடைத்தெருவில் பகிரங்கமாக விற்கிறது, வித்தியாசம் ஒன்றே ஒன்று, வரி உங்களுக்கு வரவில்லை. அதை உள்ளே விட்டால் கஜானாவும் நிறையும், விவசாயியும் பிழைப்பான். நவம்பர் 6 அன்று துறைமுகம் திறந்தது. இந்த மனுவால்தான் திறந்தார்களா, எப்படியும் திறந்திருப்பார்களா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். பணமில்லாத வைஸ்ராய்க்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே என் கருத்து, ஆனால் காதிஸ்காரர்களின் வாதத்தை இத்தனை நேராக உடைத்தது வேறு யாரும் இல்லை. அடுத்த ஆண்டே ரியோ டி ஜெனிரோவில் அது போர்த்துகீசிய மொழியிலும் வந்தது.

சரி, 1810 மே. ஸ்பெயினில் எஞ்சியிருந்த மத்திய ஆட்சிக் குழுவும் கலைந்துவிட்டது என்ற செய்தி கப்பலில் வந்தது. 22-ஆம் தேதி நகரசபை பொதுக்கூட்டம். காஸ்தெல்லி பேசினார், பாசோ என்ற வழக்கறிஞர் பேசினார்: அரசர் இல்லாதபோது அதிகாரம் மக்களிடம் திரும்புகிறது என்றார்கள். மொரேனோ அன்று பேசவே இல்லை, ஒரு மூலையில் கவலையோடு உட்கார்ந்திருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். 25-ஆம் தேதி ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக் குழு அமைந்தது, ‘ஹூன்டா’ என்பார்கள். சாவெத்ரா தலைவர். மொரேனோ, பாசோ இருவரும் செயலாளர்கள். தம்மைக் கேட்காமலேயே பெயரைச் சேர்த்துவிட்டார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது என்று அவர் தம்பி மனுவேல் எழுதுகிறார். அரசாங்க நிர்வாகமும் போரும் மொரேனோவின் பொறுப்பு. வயது 31.

அங்கிருந்து டிசம்பர் வரை அவர் செய்ததைப் பார்த்தால் மனிதர் தூங்கினாரா என்றே கேட்கத் தோன்றும்.

ஜூன் 7 அன்று ‘காசெத்தா தே புவெனஸ் ஐரிஸ்’ வெளிவந்தது. அரசாங்கத்தின் பத்திரிகைதான், ஆனால் நினைப்பதை நினைக்கவும் நினைத்ததைச் சொல்லவும் முடிகிற அபூர்வமான காலத்தைப் பற்றிய, ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் லத்தீன் வரி அதன் முகப்பில் இருந்தது. ஊரில் இருந்தது ஒரே அச்சகம், அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு வருமானம் தருவதற்காக வைத்தது, அங்கேதான் அச்சாயிற்று. அரசாங்கம் என்ன செய்கிறது என்பதை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஒளித்துச் செய்யும் ஆட்சியைச் சந்தேகிக்க வேண்டும் என்று எழுதினார். எழுத்தறியாதவர்கள் நிறைந்த நாடு என்பதால், ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குக் குருக்களே பத்திரிகையை வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஹூன்டா உத்தரவு போட்டது. இன்றும் அர்ஜென்டினாவில் ஜூன் 7 பத்திரிகையாளர் நாள்.

செப்டம்பரில் பொது நூலகம். பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் படையில் சேர்ந்துவிட்டார்கள், கல்லூரி படைமுகாமாகிவிட்டது, இப்படியே போனால் காட்டுமிராண்டிகளாகிவிடுவோம் என்ற கவலையோடு அவர் அறிவித்தார். சந்தா வசூலித்தார்கள், எதிர்ப்புரட்சியில் சிக்கிய கோர்தோபா ஆயரின் புத்தகங்களைக் கைப்பற்றிச் சேர்த்தார்கள். நூலகர்களாக நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் கயெத்தானோ ரொத்ரிகெஸ், சிறுவன் மொரேனோவுக்கு மடத்து அலமாரியைத் திறந்துவிட்ட அதே துறவி. 1812-இல் நூலகம் திறந்தபோது மொரேனோ உயிரோடு இல்லை. இன்றைய அர்ஜென்டினாவின் தேசிய நூலகம் அதன் வாரிசு, மொரேனோவின் பெயரையே தாங்கியிருக்கிறது.

ரூசோவின் ‘சமுதாய ஒப்பந்தம்’ நூலை ஸ்பானிய மொழியில் பள்ளிகளுக்காக அச்சிட்டார். மதத்தைப் பற்றிய பகுதியை வெட்டிவிட்டு, மத விஷயத்தில் ரூசோ பிதற்றிவிட்டார் என்று முன்னுரையில் எழுதினார். இதைக் கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் தம் பத்திரிகையை வாசிக்கப்போவது பாதிரியார், அந்தப் பாதிரியாரைப் பகைத்துக்கொண்டால் புத்தகம் ஒரு பள்ளிக்குள்ளும் நுழையாது. மொரேனோ உண்மையாகவே பக்தியுள்ள கத்தோலிக்கராகவும் இருந்தார்.

இப்போது கசப்பான பகுதி. கோர்தோபாவில் லினியர்ஸ் அரசருக்காகப் படை திரட்டினார். இரண்டு முறை ஊரைக் காப்பாற்றிய அதே லினியர்ஸ்! பிடித்ததும் சுட்டுவிட வேண்டும் என்று ஜூலை கடைசியில் ஹூன்டா முடிவெடுத்தது, விசாரணை எதுவும் கிடையாது. குரு என்பதால் அல்பெர்த்தி மட்டும் கையெழுத்திடவில்லை. பிடித்த படைத்தலைவருக்குச் சுட மனம் வரவில்லை, கைதிகளைத் தலைநகருக்கு அனுப்பப் பார்த்தார். லினியர்ஸ் ஊருக்குள் வந்தால் மக்கள் அவர் பக்கம் திரும்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மொரேனோ காஸ்தெல்லியை அனுப்பினார். நீங்களும் தயங்கினால் ஹூன்டாவின் இன்னொரு உறுப்பினரான லார்ரெயா வருவார், தேவைப்பட்டால் நானே வருவேன் என்று சொல்லி அனுப்பியதாகத்தான் வரலாறு. ஆகஸ்ட் 26 அன்று காபேசா தே தீக்ரே அருகே லினியர்ஸையும் மற்ற நான்கு பேரையும் சுட்டார்கள். ஆயரை விட்டுவிட்டார்கள்.

விசாரணையின்றி மரண தண்டனை கொடுக்கக் கூடாது என்பது எந்தச் சட்ட மாணவனுக்கும் தெரியும், பொத்தோசிக்காக அரசரின் சட்டப் புத்தகத்தையே புரட்டி வாதாடியவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்த நேரத்தின் ஆபத்து உண்மையானது, வடக்கே அரசரின் படை கூடிக்கொண்டிருந்தது, ஆற்றின் அக்கரையில் மொந்தெவிதேயோ நகரம் எதிர்த்து நின்றது, புரட்சி தோற்றிருந்தால் ஹூன்டாவின் ஒன்பது பேரும் தூக்கில் தொங்கியிருப்பார்கள். அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், என்னால் இந்த ஐந்து மரணங்களை நியாயப்படுத்த முடியவில்லை. மொரேனோவை மதிக்கிறேன், அதனாலேயே இதை ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன். பின்னால் அவர் எதிரிகள் அவரைக் கொடியவர் என்று சொன்னதற்கு இது ஆதாரமாகிவிட்டது, அதே உத்தரவில் சாவெத்ராவும் கையெழுத்திட்டிருந்தார் என்பதை அவர்கள் மறந்தார்கள்.

அப்புறம் டிசம்பர். நவம்பர் 7 அன்று வடக்கே சுயிபாச்சாவில் கிடைத்த வெற்றியைக் கொண்டாட டிசம்பர் 5 இரவு பத்ரீசியோஸ் படைமுகாமில் விருந்து. மொரேனோ போனபோது வாசலில் நின்ற காவலாளி உள்ளே விட மறுத்தான். அரசாங்கத்தின் செயலாளர், அவரை யாரென்று அந்தப் படைவீரனுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டார். உள்ளே அத்தனாசியோ துவார்த்தே என்ற அதிகாரி குடித்துவிட்டு, சாவெத்ராவை அமெரிக்காவின் சக்கரவர்த்தி என்று வாழ்த்தி, சர்க்கரையில் செய்த ஒரு கிரீடத்தை எடுத்து சாவெத்ராவின் மனைவியிடம் கொடுத்தார்.

மறுநாளே மொரேனோ எழுதிய ஆணை, கௌரவங்களை ஒழிக்கும் ஆணை, என் பார்வையில் அவர் எழுதியவற்றிலேயே சிறந்தது. வைஸ்ராய்க்கு உரிய மரியாதைகளைத் தலைவருக்குக் கொடுத்த பழைய உத்தரவு ரத்து. தலைவருக்கும் மற்ற உறுப்பினருக்கும் முழுச் சமத்துவம். ஹூன்டாவின் எந்தத் தனிமனிதரையும் வாழ்த்தி மது உயர்த்தக் கூடாது, கோஷம் போடக் கூடாது. கணவனின் பதவி மரியாதை மனைவிக்குப் போகாது. பொது நிகழ்ச்சிகளில் கௌரவமான குடிமக்களை எந்தக் காவலாளியும் வாசலில் தடுக்கக் கூடாது. துவார்த்தேயைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு: தூக்குமேடைக்கு உரியவர், போதையில் இருந்ததால் உயிர் பிழைக்கிறார், நாடுகடத்தப்படுகிறார், ஏனென்றால் புவெனஸ் ஐரிஸ்வாசி ஒருவன் போதையிலோ தூக்கத்திலோகூடத் தன் நாட்டின் சுதந்திரத்துக்கு எதிரான எண்ணம் கொள்ளக் கூடாது. சாவெத்ரா கையெழுத்துப் போட்டார். வாய்திறந்து எதிர்க்கவில்லை. பதினைந்து நாளுக்குள் பதில் வந்தது.

மாகாணங்களிலிருந்து ஒன்பது பிரதிநிதிகள் வந்து காத்திருந்தார்கள். அவர்களுடைய மூளை கோர்தோபாவின் தலைமைக் குரு கிரேகோரியோ ஃபூனெஸ். எங்களை ஹூன்டாவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மொரேனோ மறுத்தார். நீங்கள் மாநாடு கூட்டி அரசியல் சட்டம் எழுத வந்தவர்கள், அரசாங்கம் நடத்த வந்தவர்கள் இல்லை, இத்தனை பேர் உட்கார்ந்தால் ஒரு முடிவும் எடுக்க முடியாது என்பது அவர் நிலை. அந்த வாரங்களில் காசெத்தாவில் தொடர்ந்து எழுதியதும் இதைத்தான்: மாநாடு ஆட்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கலைந்தால் போதாது, ஆள்கிறவன் நினைத்தாலும் தீமை செய்ய முடியாதபடி ஒரு அரசியல் சட்டத்தை நிறுவ வேண்டும்.

ஆனால் மே 27 அன்று ஹூன்டா மாகாணங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பிரதிநிதிகள் வர வர ஹூன்டாவில் சேர்க்கப்படுவார்கள் என்றே இருந்தது. இந்த முறை ஆவணம் எதிராளியின் கையில்! புவெனஸ் ஐரிஸ் மட்டும் எல்லோருக்காகவும் ஆள எந்த உரிமையும் இல்லை என்று மாகாணத்தார் சொன்னதும் நியாயமே. டிசம்பர் 18 வாக்கெடுப்பில் பிரதிநிதிகளும் வாக்களித்தார்கள். ஹூன்டா உறுப்பினர்களான பெல்கிரானோவும் காஸ்தெல்லியும் படையோடு வெளியூரில். எதிர்த்தது மொரேனோ, பாசோ இருவர் மட்டும். சாவெத்ரா, இது சட்டப்படி சரியில்லைதான், பொது நன்மைக்காக ஒப்புக்கொள்கிறேன் என்ற வகையில் வாக்களித்தார். மொரேனோ அங்கேயே ராஜினாமா செய்தார். அதை ஏற்காமல், லண்டனுக்குத் தூதராக அனுப்புவது என்று முடிவானது.

1811 ஜனவரி 24 அன்று கிளம்பினார். கூடவே தம்பி மனுவேலும், தொமாஸ் கீதோ என்ற இளைஞரும் செயலாளர்களாக. ஆற்றிலிருந்து ‘ஃபேம்’ என்ற ஆங்கிலேயக் கப்பலுக்கு மாறினார்கள். கிளம்பும்போதே உடல் தளர்ந்திருந்தது, இந்தப் பயணத்தில் ஏதோ கேடு வரப்போகிறது என்று மனதில் படுவதாகச் சொன்னாராம். கடலில் நோய் முற்றியது, கப்பலில் மருத்துவர் இல்லை, வழியில் ஒரு துறைமுகத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டும் கேப்டன் நிறுத்தவில்லை. யாரையும் கேட்காமல் கேப்டன் ஒரு வாந்தி மருந்து கொடுத்தார், ஆன்டிமனி கலந்தது, நான்கு கிராம் அளவு என்று தம்பி எழுதுகிறார். அது மிக அதிகம். வலிப்பு வந்து, மார்ச் 4 விடியற்காலையில் உயிர் போனது. ஆங்கிலேயக் கொடியில் சுற்றி, பிரேசில் கரைக்கு அப்பால் கடலில் இறக்கினார்கள். செய்தி கேட்ட சாவெத்ரா, அவ்வளவு நெருப்பை அணைக்க அவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டது என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

விஷம் என்று நம்புகிறவர்கள் காட்டுவது இரண்டு விஷயங்களை. ஒன்று, அவர் கிளம்பிய பிறகு பிப்ரவரியில் அரசாங்கம் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயரோடு ஆயுத ஒப்பந்தம் போட்டது, அதில் மொரேனோ இறந்துவிட்டால் அவர் இடத்தில் யார் கையெழுத்திடுவது என்று ஒரு பிரிவு இருந்தது. இன்னொன்று, கணவர் போனபின் குவாதலூப்பேக்கு யாரோ பெயர் போடாமல் ஒரு பொட்டலம் அனுப்பினார்கள்: கறுப்பு விசிறி, கறுப்பு முக்காடு, கறுப்புக் கையுறை, சீக்கிரம் தேவைப்படும் என்ற குறிப்போடு. பொட்டலம் கொடுமையானது, ஆனால் அது வெறுப்புக்குச் சான்று, கொலைக்குச் சான்றாகாது. மாதக்கணக்கில் கடல் பயணம் போகிறவர் இறந்தால் என்ன என்று ஒப்பந்தத்தில் எழுதுவதும் அன்றைக்கு வினோதமில்லை. ஆன்டிமனி மருந்து அந்தக் காலத்துக் கப்பல்களில் சாதாரணமாக இருந்தது, அளவு தெரியாத ஒருவர் கொடுத்தாலே ஆள் போய்விடும். மனுவேல் பின்னாளில் மருத்துவர் ஆனவர், கூடவே இருந்தவர். அவர் எழுதியதுகூடச் சந்தேகத்தோடு நிற்கிறதே தவிர ஒரு கொலையாளியைக் காட்டவில்லை. எனவே அலட்சியத்தால் வந்த மரணம் என்பதே என் ஊகம்.

குவாதலூப்பே மார்ச் 14 முதல் லண்டனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முதல் கடிதத்தைத் தொடங்கியபோது கணவர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது, அது தெரியவந்ததோ பல மாதம் கழித்து. அந்தக் கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. காதல் கடிதங்கள் என்று மட்டும் அவற்றைச் சொல்வது அநியாயம், ஊர் அரசியல் முழுக்க அதில் இருக்கிறது. ஏப்ரல் 5, 6 தேதிகளில் புறநகர்ப் பகுதி மக்களைத் திரட்டிக்கொண்டு வந்து சாவெத்ராவின் ஆட்கள் மொரேனோ தரப்பினரை ஹூன்டாவிலிருந்து துரத்தியதும், லார்ரெயா, அஸ்குவேனாகா, வியெய்த்தெஸ் போன்றவர்களை ஊர்கடத்தியதும், யார் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்பதும் அவள் எழுத்தில் தெரிகிறது. செப்டம்பருக்குள் சாவெத்ராவும் பதவி இழந்தார், அவர்மேலும் விசாரணை வந்தது. புதிய அரசாங்கம் குவாதலூப்பேக்கு மாதம் 30 பெசோ உதவித்தொகை கொடுத்தது. அவள் 1854 வரை வாழ்ந்தாள்.

மேலே படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மொரேனோ எழுதியதாக ‘செயல்திட்டம்’ என்ற ஒரு ரகசிய ஆவணம் சுற்றுகிறது: எதிரிகளை இரக்கமின்றி ஒழிக்க வேண்டும், சொத்தைப் பறிக்க வேண்டும், அண்டை நாட்டில் கலகம் மூட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதன் பிரதி ஸ்பெயினின் செவில் ஆவணக்காப்பகத்தில் கிடைத்தது, 1896-இல் நோர்பெர்த்தோ பின்யேரோ அச்சில் கொண்டுவந்தார், உடனே போல் குருசாக் என்ற விமர்சகர் இது போலி என்றார், அன்று தொடங்கிய சண்டை முடியவில்லை. மூலம் மொரேனோவின் கையெழுத்தில் இல்லை. அவரை வீரனாக்க விரும்புகிறவர்களும் கொடியவனாக்க விரும்புகிறவர்களும் ஒரேபோல அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அதை ஒதுக்கிவிட்டு 1802-இன் கட்டுரை, 1809-இன் மனு, காசெத்தாவின் நவம்பர், டிசம்பர் இதழ்கள், டிசம்பர் 6 ஆணை, இந்த வரிசையில் படிக்கச் சொல்வேன். மனுவேல் 1812-இல் லண்டனில் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணன்மேல் வைத்த பாசத்தில் எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு.